அட்டைக்கு 25 பைசா

2023 டிசம்பர் 17, 18 மழையைத் திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்து ஆட்கள் எவரும் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 செ.மீ. கொட்டித் தீர்த்தது. தாமிரபரணிக்குள் இருக்கிற குறுக்குத்துறை முருகன் கோயிலைத் தண்ணீர் மூடிவிட்டது என்று யாராவது சொன்னால், எங்கள் ஊரில் அடுத்த கேள்வி, "சிந்துபூந்துறைக்குள்ள வந்துட்டா?" என்பதுதான். வந்துவிட்டது. அங்கேதான் என் தாய்மாமா வீடு. மாமாவையும் அத்தையையும் பக்கத்து வீட்டுப் பையன்கள் மாடிக்கு ஏற்றிவிட்டார்கள். மதுரையிலிருந்து நான் போய்ச் சேர ஐந்து நாளாகிவிட்டது.

வீடு முழுக்க வண்டல். அத்தை வாசலில் உட்கார்ந்து பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். மாமா முற்றத்துக் கொடியில் எதையோ காயப்போட்டுக்கொண்டிருந்தார். கிட்டே போய்ப் பார்த்தால் கேசட் அட்டைகள். துணி கிளிப் மாட்டி, வரிசையாக, நாற்பது ஐம்பது இருக்கும். எல்லாம் என் கையெழுத்து.

மை பேனாவில் எழுதியதெல்லாம் கரைந்து, அட்டையில் நீலமாக ஒரு மேகம் மட்டும் இருந்தது. பால்பாயிண்ட் பேனாவில் எழுதியவை அப்படியே இருந்தன. மை பேனாதான் அழகு என்று அந்த வயதில் எத்தனை பிடிவாதம் பிடித்திருக்கிறேன். மாமா அப்போதே சொன்னார், "மை நிக்காதுட்டி, தண்ணி பட்டா போச்சு" என்று.

மாமா 1981-லிருந்து 2003 வரை திருநெல்வேலி சந்திப்பில் ரெக்கார்டிங் சென்டர், அதாவது கேட்கிற பாட்டுகளைக் கேசட்டில் பதிந்து கொடுக்கிற கடை வைத்திருந்தார். எட்டடிக்குப் பத்தடி கடை. பின் சுவரில் தரையிலிருந்து கூரை வரை எல்.பி. ரெக்கார்டுகள், ஒரு மேஜையில் ரெக்கார்டு பிளேயர், அதற்குப் பக்கத்தில் இரண்டு கேசட் டெக், மேலே ஒரு ஆம்ப்ளிஃபயர். டெக்கின் ஹெட்டைத் துடைக்கிற ஸ்பிரிட் வாசனையும் ஊதுபத்தி வாசனையும் கலந்து வரும். நான் ஏழாம் வகுப்பு படிக்கும்போது, 1985-ல், என் கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று மாமா எனக்கு ஒரு வேலை கொடுத்தார். கேசட்டின் அட்டையில் பாட்டுப் பட்டியலை எழுதித் தர வேண்டும். அட்டைக்கு 25 பைசா. பெண்பிள்ளை கடையில் போய் உட்கார முடியாது. அதனால் அன்றன்று பதிவான கேசட்டுகளையும் ஆட்கள் எழுதிக்கொடுத்த சீட்டுகளையும் மாமா ராத்திரி மஞ்சள் பையில் எங்கள் வீட்டுக்குக் கொண்டுவருவார். காலையில் பள்ளிக்கூடம் போகுமுன் எழுதி முடித்து வைத்துவிட வேண்டும். ஆறு வருஷம் எழுதினேன்.

எழுதுவதற்கு ஒரு முறை உண்டு. முதலில் பென்சிலால் மெல்லிசாகக் கோடு போட வேண்டும். ஏ பக்கம் ஆறு, பி பக்கம் ஆறு. பாட்டின் முதல் வரி, அதற்கு எதிரே படத்தின் பேர். எழுதி மை காய்ந்த பிறகு பென்சில் கோட்டை அழிக்க வேண்டும். "கோடு போட்டு எழுதுட்டி. காசு கொடுத்தவன் எடுத்துப் பாக்கும்போது மனசு குளுரணும்லா" என்பார். கோணலாக எழுதினால் திட்ட மாட்டார். புது அட்டை ஒன்றை எடுத்து என் முன்னால் வைப்பார், அவ்வளவுதான்.

இன்றைக்கு என் மகளிடம் இதைச் சொன்னால், "காப்பி பண்ணிக் கொடுத்தாங்களா?" என்று கேட்கிறாள். காப்பிதான். ஆனால் 60 நிமிஷக் கேசட்டைப் பதிவு செய்ய 60 நிமிஷம் ஆகும். சீட்டில் பன்னிரண்டு பாட்டு இருந்தால் அது பன்னிரண்டு ரெக்கார்டில் இருக்கும். ஒவ்வொன்றாக உறையிலிருந்து எடுத்து, தூசி துடைத்து, அந்தப் பாட்டின் கோடு எங்கே தொடங்குகிறது என்று வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, அங்கே முள்ளை இறக்கி, அதே நேரத்தில் டெக்கில் பதிவுப் பொத்தானை அமுக்க வேண்டும். பாட்டு முடிகிற இடத்தில் நிறுத்த வேண்டும். நடுவில் முள் தாவினால் முதலிலிருந்து. பக்கத்துக்கு 30 நிமிஷம்தான். ஆறாவது பாட்டு முடியுமுன் நாடா தீர்ந்துவிடும் என்று தோன்றினால், கடைசிப் பாட்டை மாற்றி, அதைவிடச் சின்னதாக ஒன்றைப் போட வேண்டும். எந்தப் பாட்டு எத்தனை நிமிஷம் என்பது மாமாவுக்கு மனப்பாடம். எல்லாம் முடிந்ததும் கேசட்டின் முதுகில் இருக்கிற இரண்டு பிளாஸ்டிக் பல்லை ஸ்க்ரூடிரைவரால் உடைப்பார். தெரியாமல் யாரும் மேலே பதிவு செய்துவிடக் கூடாது.

அதாவது, கடைக்கு வந்த ஒவ்வொருவரும் கேட்ட ஒவ்வொரு பாட்டையும் மாமா முழுசாக உட்கார்ந்து கேட்டிருக்கிறார். 22 வருஷம். அவருக்குப் பிடித்த பாட்டு, பிடிக்காத பாட்டு என்ற பேச்சே கிடையாது. அந்த ஒரு மணி நேரம் அந்த ஆளுக்கு. இப்படி ஒரு தொழில் இருந்தது என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

ராத்திரி அந்தச் சீட்டுகளைப் பார்க்கும்போது ஊரே என் மடியில் வந்து விழும். சீட்டு என்று சொல்கிறேனே தவிர அது எந்தத் தாளிலும் இருக்கும். நாள்காட்டித் தாள், மருந்துக்கடை பில், பீடிக்கட்டு லேபிளின் பின்பக்கம், 'நெல்லை கட்டபொம்மன் மாவட்டம்' என்று மேலே அச்சடித்த ஆபீஸ் தாள். இன்றைய பிள்ளைகளுக்கு அந்தப் பேர் தெரியாது. 1986-லிருந்து 1997 வரை எங்கள் மாவட்டத்துக்கு அதுதான் பேர். ஓடிய அரசு பஸ்ஸிலும் கட்டபொம்மன் போக்குவரத்துக் கழகம் என்றுதான் எழுதியிருக்கும். தென்மாவட்டங்களில் நடந்த சாதிக் கலவரங்களுக்குப் பிறகு, 1997-ல் தமிழ்நாடு முழுக்க மாவட்டங்களிலிருந்தும் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் தலைவர்கள் பேரை எடுத்தபோது அதுவும் போனது.

சித்திரை பிறந்தால் கோயில் கொடைத் திருவிழாவுக்கு ஆர்டர் வரத் தொடங்கும். சுடலைமாட சாமிக்கும் அம்மனுக்கும் ஊர் ஊராகக் கொடை. வில்லுப்பாட்டு நேரில் நடக்கும். ஆனால் காப்புக் கட்டிய நாளிலிருந்து குழாய் ஸ்பீக்கரில் போட மைக்செட்காரர்களுக்குக் கேசட் வேண்டும். அவர்கள் சீட்டு எழுத மாட்டார்கள். "சாமிப் பாட்டு ரெண்டு, வில்லு ரெண்டு, பழசு நாலு, புதுசு நாலு" என்று வாயால் சொல்லிவிட்டுப் போவார்கள். மீதியை மாமா பார்த்துக்கொள்வார். வில்லு என்றால் பெரும்பாலும் சுப்பு ஆறுமுகம். எங்கள் பக்கத்துச் சத்திரம் புதுக்குளத்தில் பிறந்தவர் என்பதால் அட்டையில் அவர் பேரை மட்டும் கொஞ்சம் பெரிதாக எழுதுவேன். 2021-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தபோது மாமா எனக்கு போன் போட்டு, "நம்ம வில்லுக்காரருக்குக் குடுத்துட்டாங்க பாத்தியா" என்றார். அடுத்த வருஷமே சுப்பு ஆறுமுகம் காலமாகிவிட்டார்.

கல்யாண வீட்டுக்காரர்கள் நாதஸ்வரம் கேட்பார்கள். மேளம் வைக்க வசதியில்லாத வீடுகளில் முகூர்த்தத்துக்குக் கேசட்தான். காருகுறிச்சி அருணாசலம் 1964-லேயே மறைந்துவிட்டார். ஆனால் 1980களில் எங்கள் சுற்றுவட்டாரத்தில் எத்தனையோ ஏழை வீட்டுக் கல்யாணங்களில் விடியற்காலை அவர்தான் வாசித்துக்கொண்டிருந்தார். மேலப்பாளையத்திலிருந்து வருகிற சீட்டுகளில் நாகூர் ஹனிபா இல்லாமல் இருக்காது. டிசம்பர் பிறந்துவிட்டால் பாளையங்கோட்டைக்காரர்கள் கீர்த்தனையும் கிறிஸ்துமஸ் பாட்டும் கேட்டு வருவார்கள். அந்த மாதம் எனக்கு 25 பைசாக்களாகவே உண்டியல் நிறைந்துவிடும்.

பேட்டையிலிருந்து ஒரு வேன்காரர் மாதம் ஒரு கேசட் வாங்குவார். எல்லாம் சோகப் பாட்டு. ஒருமுறை பி பக்கத்தில் முழுக்கக் குழந்தைகளைத் தாலாட்டுகிற பாட்டாகக் கேட்டிருந்தார். "பிள்ளை பிறந்திருக்கும் போல" என்று அம்மா சொன்னாள். அவர் முகத்தை நான் பார்த்தது கிடையாது. ஆனாலும் அன்றைக்கு அந்த அட்டையின் ஓரத்தில் சின்னதாக ஒரு பூ வரைந்து அனுப்பினேன்.

பேரே தெரியாத பாட்டைக் கேட்டு வருகிறவர்கள்தான் மாமாவுக்கு ரொம்பப் பிடித்தமானவர்கள். "அண்ணாச்சி, நேத்து சிலோன்ல ஒரு பாட்டு போட்டான்…" என்று தொடங்கி, வெட்கப்பட்டுக்கொண்டே இரண்டு வரி முனகுவார்கள். எங்கள் ஊருக்குத் திருநெல்வேலி வானொலி நிலையம் 1963-லேயே வந்துவிட்டது. செய்திக்கும் நாடகத்துக்கும் அதுதான். ஆனால் சினிமாப் பாட்டுக்கு இலங்கை வானொலி. தெற்கே இருக்கிற எங்களுக்கு அது கரகரப்பில்லாமல் கேட்கும். அப்துல் ஹமீதும் கே.எஸ். ராஜாவும் எங்கள் ஊர் அறிவிப்பாளர்கள் என்றே சின்ன வயதில் நினைத்திருந்தேன். காலையில் 'பொங்கும் பூம்புனல்' ஓடும்போது கடையைத் திறந்து வைத்து, போடுகிற பாட்டுகளை மாமா ஒரு நோட்டில் குறித்துக்கொள்வார். அன்று சாயங்காலம் எவராவது அதைக் கேட்டு வருவார் என்று அவருக்குத் தெரியும்.

டெலிவிஷனும் எங்களுக்கு முதலில் அந்தப் பக்கமிருந்துதான் வந்தது. சென்னைத் தூர்தர்ஷன் 1975-ல் தொடங்கினாலும் எங்கள் ஊருக்கு எட்டவில்லை. 1982-ல் இலங்கையில் ரூபவாகினி வந்ததும், வசதியுள்ள வீடுகளில் உயரமான கம்பம் நட்டு, பூஸ்டர் மாட்டி, ஆன்டெனாவைத் தென்கிழக்கே திருப்பி வைத்தார்கள். காற்றடித்தால் ஒருவர் மாடியில் நின்று கம்பத்தைத் திருப்ப, கீழேயிருந்து "தெரியுது, தெரியுது… போச்சு" என்று சத்தம் கேட்கும். தெருவே அந்த ஒரு வீட்டுத் திண்ணையில் இருக்கும்.

தியேட்டர்களைப் பற்றிப் பலரும் எழுதிவிட்டார்கள். ராயல், பார்வதி, சென்ட்ரல், பாப்புலர் என்று பேர்களைச் சொன்னாலே எங்கள் வயதுக்காரர்களுக்கு ஒரு பெருமூச்சு வரும். எனக்கு நினைவில் நிற்பது தியேட்டர் வாசலில் விற்ற பாட்டுப் புத்தகம். நாலு பக்கம், மட்டமான தாள், கையில் மை ஒட்டும். பாட்டின் முதல் வரியைப் பிழையில்லாமல் எழுத எனக்கு அதுதான் துணை. படம் பார்க்கப் போகிறாரோ இல்லையோ, புதுப் படம் வந்த அன்றே மாமா அதை வாங்கிவந்து ஊசிநூலால் தைத்து வைத்துவிடுவார். அப்படித் தைத்த கட்டுகள் ஏழு இருந்தன. 1992 நவம்பர் 13 வெள்ளத்தில் மூன்று போய்விட்டன. மீதி நாலும் இந்த முறை.

ஒன்றைச் சொல்லாமல் விடக் கூடாது. அந்தக் காலத்து ரெக்கார்டிங் சென்டர் எதுவுமே சட்டப்படி சரியான தொழில் கிடையாது. 1984-ல் காப்புரிமைச் சட்டத்தைத் திருத்திக் கடுமையாக்கினார்கள். ரெய்டு வருகிறது என்று பேச்சு அடிபட்டால் மாமா கடை திறக்க மாட்டார். பாடியவருக்கும் இசையமைத்தவருக்கும் எங்கள் கேசட்டிலிருந்து ஒரு பைசா போகவில்லை. அதில் எனக்கு வருத்தம் உண்டு. ஆனால் கல்லிடைக்குறிச்சியில் அப்பளம் போடுகிற ஒரு அம்மாவுக்கு, அவர் பிறந்த வருஷத்தில் வந்த பாட்டு வேறு எந்த வழியிலும் கிடைத்திருக்காது என்பதும் உண்மை.

கேசட்டில் பாட்டு மட்டும் பதிவாகவில்லை. வளைகுடா நாட்டில் வேலை பார்க்கிறவர்களுக்குக் குரலையே பதிவு செய்து அனுப்புவார்கள். போன் பேச டிரங்க் கால் போட்டுக் காத்திருந்த காலம். கடிதம் எழுதத் தெரியாத வீடுகளும் இருந்தன. வீட்டில் டேப்ரெக்கார்டர் இல்லாதவர்கள் மாமா கடைக்கு வருவார்கள். ஒரு சனிக்கிழமை மத்தியானம், அம்மா கொடுத்தனுப்பிய சாப்பாட்டுடன் நான் போனபோது, மாமா கடைக்கு வெளியே வெயிலில் நின்றுகொண்டிருந்தார். ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. உள்ளே மேலப்பாளையத்திலிருந்து வந்த ஒரு அக்கா, கைப்பிள்ளையோடு, மைக்கைப் பிடித்துக்கொண்டு சவுதியில் இருக்கும் வீட்டுக்காரரிடம் பேசிக்கொண்டிருந்தார். எந்தப் பொத்தானை அமுக்க வேண்டும் என்று காட்டிக் கொடுத்துவிட்டு மாமா வெளியே வந்துவிட்டார். "உள்ள போகாத, நில்லு" என்று என்னையும் நிறுத்திவிட்டார். அரை மணி நேரம் நின்றோம். பிள்ளை அழுகிற சத்தம் மட்டும் ஒருமுறை கேட்டது. அந்த அக்கா வெளியே வந்து, "விழுந்திருக்கான்னு போட்டுப் பாருங்க அண்ணாச்சி" என்றார். "விழுந்திருக்கும்மா, டெக்குல சத்தம் காட்டுற முள்ளு ஆடுச்சு, நான் வெளிய இருந்தே பாத்தேன்" என்று சொல்லி, போட்டுப் பார்க்காமலே பல்லை உடைத்து, உறையில் போட்டுக் கொடுத்தார். கடைக்கு வந்த கேசட்டுகளில் மாமா கேட்காமல் விட்டது அந்த வகை மட்டும்தான். அதற்கு அட்டையும் கிடையாது. வெறும் பேர், ஊர்.

தொழில் படுத்தது ஒரே நாளில் இல்லை. 1993-ல் சன் டிவி வந்தது. கேபிளில் பகலெல்லாம் பாட்டு. அப்புறம் கம்பெனிக் கேசட்டே விலை குறைந்தது. கடைசியாக எம்.பி.3. ஒரே தட்டில் நூறு பாட்டுக்கு மேல். பேட்டை வேன்காரர் ஒருநாள் கடைக்கு வந்து, அப்படி ஒரு தட்டை மாமாவிடம் காட்டி, "இதுல எல்லாம் இருக்கு அண்ணாச்சி, ஆனா எது எங்கன இருக்குன்னு தெரியல. நீங்க ஒரு அட்டை எழுதித் தாரியளா?" என்று கேட்டாராம். நூறு பாட்டுக்கு அட்டையில் இடம் ஏது? அப்போது நான் கல்யாணமாகி மதுரைக்கு வந்துவிட்டேன். மாமா ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, தட்டைப் போட்டு முழுசாகக் கேட்டு, அவரே எழுதிக் கொடுத்திருக்கிறார். எட்டு மணி நேரம் ஆனதாம்.

2003-ல் கடையை ஒப்படைத்தார். ரெக்கார்டுகளை எடைக்குப் போட மனசில்லாமல், கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தார். இரண்டு டெக்கையும் ஒரு தகரப் பெட்டியையும் மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்தார். பிற்பாடு சந்திப்பு பஸ் ஸ்டாண்டை ஸ்மார்ட் சிட்டி வேலைக்காக வருஷக்கணக்கில் அடைத்துப் போட்டார்கள். சுற்றியிருந்த கடைகள் பலவும் நொடித்துப்போயின. 2011-ல் 25 பைசாவும் செல்லாது என்றாகிவிட்டது. என் உண்டியலில் மிச்சமிருந்ததை நான் மாற்றவில்லை, அப்படியே இருக்கிறது.

அந்தத் தகரப் பெட்டியைத்தான் வெள்ளம் நனைத்தது. மாமா அதற்கு வைத்த பேர் 'வாங்காதது'. ஆர்டர் கொடுத்து, அட்வான்ஸும் கொடுத்துவிட்டு, வாங்க வராதவர்களின் கேசட்டுகள். 22 வருஷத்தில் நூற்று நாற்பத்தொன்று. ஒவ்வொன்றின் உறைக்குள்ளும் அவரவர் எழுதிக்கொடுத்த சீட்டை மடித்து வைத்திருந்தார்.

நான் ஒரு வாரம் அங்கேயே இருந்தேன். கேசட்டின் ஐந்து திருகாணியைக் கழற்றி, நாடாச் சுருளை வெளியே எடுத்து, நல்ல தண்ணீரில் மெதுவாக அலசி, நிழலில் விசிறிக் காற்றில் காயவைத்து, வேறு கூட்டில் போட்டு மூடினால் பல கேசட்டுகள் பிழைத்துவிடும். வெயிலில் வைத்தால் நாடா முறுக்கிக்கொள்ளும். மாமாவுக்கு இப்போது எண்பது வயது. இடது காது கேட்பதில்லை. ஆனால் திருகாணியைக் கழற்றுகிற கை நடுங்கவில்லை. ஒரு நாளைக்குப் பத்து. வலது காதை ஸ்பீக்கர் பக்கம் வைத்து, ஒவ்வொன்றையும் போட்டுக் கேட்டார். சில நிமிஷம் கேட்டால் போதாதா என்று கேட்டேன். பதில் சொல்லவில்லை. முழுசாகக் கேட்டார்.

எழுத்து அழியாத சீட்டுகளை நான் வாசிக்க வாசிக்க, அவர் ஆளைச் சொன்னார். "இது வண்ணார்பேட்டை தையக்காரர். இது வீரவநல்லூர்ல நெசவு." இதையெல்லாம் இனி என்ன செய்வது மாமா என்று கேட்டதற்கு, "குடுக்கணும். அட்வான்ஸ் வாங்கியிருக்கோம்லா" என்றார்.

முதல் கேசட்டைப் பேட்டைக்குக் கொண்டுபோனோம். சீட்டில் இருந்த டீக்கடை இப்போது செல்போன் ரிப்பேர் கடை. டீக்கடைக்காரரின் மகன்தான் நடத்துகிறார். அப்பா இறந்து பதினோரு வருஷமாகிறது என்றார். மாமா விஷயத்தைச் சொல்லி, கேசட்டையும் சீட்டையும் நீட்டினார். அவரிடம் டேப்ரெக்கார்டர் கிடையாது. இரண்டு கையாலும் வாங்கி, சீட்டை மட்டும் வெளியே எடுத்து விரித்து வைத்துக்கொண்டு, "அப்பா எழுத்து" என்றார். மீதிப் பணம் எவ்வளவு என்று கேட்டார். மாமா கணக்குப் பார்த்து ஏழு ரூபாய் என்றார். அவர் பத்து ரூபாய் கொடுத்தார். மாமா மூன்று ரூபாய் சில்லறையைத் தேடி எடுத்துத் திருப்பிக் கொடுத்தார்.

அன்று ராத்திரி, அட்டை கரைந்துபோன கேசட்டுகளுக்குப் புது அட்டை எழுத உட்கார்ந்தேன். இந்த முறை பால்பாயிண்ட் பேனா. மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, முதல் பாட்டை எழுதப் போனேன். சாய்வு நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டு இருந்த மாமா, "கோடு போட்டியா?" என்றார்.

அத்தை எழுந்து ஸ்கேலைத் தேடினார்.